மகரந்த அலர்ஜி தைராய்டைக் கிளப்பிவிடுமா?

"ஹாஷிமோட்டோ இருக்கிறது, தினமும் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) போடுகிறேன், வருடத்தின் பெரும்பகுதி பரவாயில்லை. மகரந்தம் பறக்கும் மாதங்கள் வந்தால் மட்டும் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, கூடவே அடித்துப் போட்டாற்போல் சோர்வு, தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி. அலர்ஜிதான் தைராய்டைத் தூண்டிவிடுகிறதா? அதை அடக்கினால் தைராய்டும் அடங்குமா? இரண்டுக்கும் சேர்த்து மாத்திரை போடலாமா?" இதுதான் நீங்கள் கேட்டது. இதே கேள்வியைப் பலர் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் சுருக்கமான பதில். தொடர்பு உண்டு. கிரேவ்ஸ் நோயில், அதாவது தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிற ஆட்டோஇம்யூன் (உடல் தன்னையே தாக்கும்) நோயில், அதற்கு ஓரளவு நேரடிச் சான்றே இருக்கிறது. ஹாஷிமோட்டோவில், அதாவது அதே மாதிரித் தாக்குதலால் தைராய்டு மெல்ல அழிந்து சுரப்பு குறைகிற நோயில், சான்று மெலிந்துதான் கிடக்கிறது. அங்கே "சீசனில் தைராய்டு ஏறிவிட்டது" என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, இரண்டு நோயின் அறிகுறிகளும் ஒன்றோடொன்று கலந்து குழப்புவதும் அலர்ஜிக்குப் போடும் மருந்துகளின் வேலையும்தான்.

இப்போது விரிவாக. அலர்ஜி, ஆட்டோஇம்யூன் தைராய்டு இரண்டுமே நோய் எதிர்ப்பு மண்டலம் தப்பாகக் கை வைப்பதால் வருபவை, ஆனால் கை வைக்கும் இடமும் வேகமும் வேறு. அலர்ஜியில் இலக்கு வெளியிலிருந்து வரும் மகரந்தம். ஒன்றும் செய்யாத அந்தப் பொடிக்கு எதிராக உடல் ஐ.ஜி.ஈ. என்ற வகை ஆன்டிபாடியைத் தயாரித்து, மூக்கிலும் கண்ணிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டி வைத்திருக்கிறது. அடுத்த முறை மகரந்தம் வந்து தொட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. சில நிமிடங்களில் தும்மல் தொடங்கிவிடும். ஆட்டோஇம்யூன் தைராய்டில் இலக்கு உங்கள் சொந்தச் சுரப்பி. ஹாஷிமோட்டோவில் தைராய்டு பெராக்ஸிடேஸ் (டி.பி.ஓ.), தைரோகுளோபுலின் என்ற புரதங்களுக்கு எதிராக ஆன்டிபாடிகள் இருக்கும், டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் சுரப்பிக்குள் புகுந்து வருடக்கணக்கில் மெல்ல மெல்ல அரிக்கும். கிரேவ்ஸில் ஆன்டிபாடி போய், தைராய்டைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோனான டி.எஸ்.எச். உட்காரவேண்டிய ஏற்பியில் உட்கார்ந்துகொண்டு, நிறுத்தாமல் சுரக்கச் சொல்லும்.

இந்த இரண்டு துறைகளும் தனித்தனியாகத்தான் வளர்ந்தன. ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ நான்கு பெண்களின் வீங்கிய தைராய்டை ஆராய்ந்து எழுதியது 1912-ல். அது உடல் தன்னையே தாக்கும் நோய் என்று தெரிய 1956 வரை ஆனது. ஐ.ஜி.ஈ. கண்டுபிடிக்கப்பட்டது அதற்கும் பின்னால், 1960-களின் நடுவில்தான். இன்றைக்கும் மூக்குக்கு ஒரு டாக்டர், தைராய்டுக்கு இன்னொரு டாக்டர், இருவரும் ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்ப்பதில்லை. நடுவில் நோயாளிதான் முடிச்சுப்போட வேண்டியிருக்கிறது.

முடிச்சுப்போடும் முன் ஒரு சின்னக் கணக்கு. பொதுமக்களில் பத்தில் ஒருவருக்கு மேலாகவே டி.பி.ஓ. ஆன்டிபாடி இருக்கிறது, பெண்களில் இன்னும் அதிகம், அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் என்று எதுவும் இருக்காது. அலர்ஜி மூக்கு 10 முதல் 30 சதவீதம் பேருக்கு உண்டு. சும்மா 10 சதவீதம், 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டு 1000 பேரை எடுங்கள். 100 பேருக்குத் தைராய்டு ஆன்டிபாடி, 200 பேருக்கு அலர்ஜி. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லையென்றாலும் 20 பேருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். தைராய்டு நோயாளிகள் கூடுமிடத்தில் "எனக்கும் அலர்ஜி உண்டு" என்று ஐந்தில் ஒருவர் கை தூக்கினால் அது வெறும் தற்செயல் தரும் எண்ணிக்கைதான். இதைத் தாண்டி ஏதாவது இருக்கிறதா என்பதே கேள்வி.

இருக்கிறது. ஆனால் அதை விளக்கப் பலரும் பயன்படுத்தும் பழைய கோட்பாடு ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். 1986-ல் மோஸ்மன், காஃப்மன் இருவரும் எலிகளின் உதவி டி செல்களை டி.எச்.1, டி.எச்.2 என்று இரண்டாகப் பிரித்தார்கள். அலர்ஜி டி.எச்.2 பக்கம், திசுவை அழிக்கும் ஆட்டோஇம்யூன் நோய்கள் டி.எச்.1 பக்கம், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று அப்புறம் எல்லோரும் எழுத ஆரம்பித்தார்கள். அந்தக் கணக்குப்படி அலர்ஜி உள்ளவருக்கு ஹாஷிமோட்டோ வரவே கூடாது! உங்களைப் போன்றவர்களே அதற்கு மறுப்பு. பின்னால் டி.எச்.17 என்ற இன்னொரு வகை வந்தது, கட்டுப்படுத்தும் டி செல்கள் வந்தன, படம் நிறையவே சிக்கலாகிவிட்டது. "உங்கள் டி.எச்.1, டி.எச்.2 சமநிலையைச் சரிசெய்கிறோம்" என்று சொல்லி யாராவது பொடியோ மாத்திரையோ விற்றால் நகர்ந்து போய்விடுங்கள்.

அந்தக் கட்டுப்படுத்தும் டி செல்கள்தான் இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. எதிர்ப்பு மண்டலத்தின் பிரேக் என்று சொல்லலாம். ஃபாக்ஸ்-பி-3 என்ற மரபணு இவற்றுக்கு அடிப்படை. அது பழுதானால் ஐபெக்ஸ் என்ற மிக அரிதான நோய் ஆண் குழந்தைகளுக்கு வருகிறது, 2001-ல் அந்த மரபணுவையும் நோயையும் இணைத்துக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகளிடம் என்ன பார்க்கிறோம்? கடுமையான எக்ஸிமா (தோல் அழற்சி), ரத்தத்தில் எக்கச்சக்க ஐ.ஜி.ஈ., அதாவது அலர்ஜிப் பக்கத்து அடையாளங்கள். அதே குழந்தைக்கு முதல் வகைச் சர்க்கரை நோய், குடல் அழற்சி, ஆட்டோஇம்யூன் தைராய்டு. ஒரே ஒரு மரபணு கெட்டதும் இரண்டு பக்கமும் ஒருசேர வெடிக்கிறது. இந்தச் செல்களைக் கண்டறிந்த சகாகுச்சி, அந்த மரபணுவைக் கண்டறிந்த பிரங்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும்தான் 2025-ன் மருத்துவ நோபல் கிடைத்தது. உங்களுக்கோ எனக்கோ அந்த மரபணு முழுதாகப் பழுதாகவில்லை. ஆனாலும் அலர்ஜியும் தைராய்டும் ஒரே உடலில் ஒன்றாகக் குடியிருப்பதற்கு, ஒன்று மற்றதைப் பெற்றெடுத்தது என்பதைவிட, இரண்டையும் அடக்கி வைக்கவேண்டிய பிடி பொதுவாகவே கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, நேரடிச் சான்று என்றேனே, அது ஜப்பானிலிருந்து வருகிறது. அங்கே சுகி என்ற ஊசியிலை மரத்தின் மகரந்தம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பறக்கும், மக்களில் கணிசமானோர் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிவார்கள். சீசன் இவ்வளவு கச்சிதமாக இருப்பதால் 'முன்', 'பின்' என்று ஒப்பிட வசதியான இடம். 1993-ல் வெளியான ஒரு ஆய்வில், கிரேவ்ஸ் அடங்கியிருந்த சிலருக்கு அலர்ஜி மூக்கின் தாக்குதலுக்குப் பிறகு நோய் திரும்பியதைப் பதிவு செய்தார்கள். 2003-ல் அதே குழுவினர், கிரேவ்ஸ் உள்ளவர்களில் மகரந்த அலர்ஜியும் உள்ளோரின் ரத்தத்தில் சீசனுக்குப் பிறகு தைராய்டு ஆன்டிபாடிகள் கூடுவதைக் காட்டினார்கள். வேறொரு ஜப்பானியக் குழு 1999-ல் கிரேவ்ஸ் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஐ.ஜி.ஈ. உயர்ந்திருப்பதாக எழுதியது. எல்லாம் சிறிய ஆய்வுகள், இவற்றை வைத்துக்கொண்டு "அலர்ஜிதான் கிரேவ்ஸைக் கொண்டுவருகிறது" என்று அடித்துப் பேச முடியாது. ஆனால் உள்ளே நடப்பதோடு பொருந்திப் போகிறது. அலர்ஜி கிளம்பும்போது இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 போன்ற சமிக்ஞைகள் கூடும், அவை பி செல்களை ஆன்டிபாடி தயாரிக்கத் தூண்டும். கிரேவ்ஸ் முழுக்க முழுக்க ஆன்டிபாடியால் ஓடும் நோய். எதிர்ப்பு மண்டலம் ஒரு பக்கம் சாயும்போது தைராய்டு நோயும் கூடவே அசையும் என்பதற்குப் பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறே நல்ல உதாரணம்: கர்ப்பகாலத்தில் அடங்கியிருந்தது பிள்ளை பிறந்த சில மாதங்களில் தலைதூக்கும்.

ஹாஷிமோட்டோவுக்கு இதே அளவு சான்று கிடையாது. அங்கே அழிவைச் செய்வதில் செல்களின் பங்கு பெரிது, ஆன்டிபாடி பெரும்பாலும் அந்தச் சண்டையின் அடையாளச் சீட்டு மாதிரி.

ஒரு விதிவிலக்கு: தோல் தடிப்பு. மூக்கு அலர்ஜியைவிடத் தைராய்டோடு பல மடங்கு உறுதியாகப் பிணைந்திருப்பது நாள்பட்ட அர்டிகேரியா, அதாவது காரணமே தெரியாமல் ஆறு வாரங்களுக்கு மேல் வந்து வந்து போகும் அரிப்புத் தடிப்பு. 1983-லேயே இது கவனிக்கப்பட்டுவிட்டது, பின்னால் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்ப உறுதி செய்தன. இந்த நோயாளிகளில் சிலருக்குத் தைராய்டு பெராக்ஸிடேஸுக்கு எதிராகவே ஐ.ஜி.ஈ. வகை ஆன்டிபாடி இருப்பதையும் கண்டிருக்கிறார்கள், அதாவது உடல் தன் சொந்தத் தைராய்டுப் புரதத்துக்கே அலர்ஜி ஆகிவிட்டிருக்கிறது. இரண்டு துறையும் நிஜமாகவே சந்திக்கும் இடம் இதுதான். உங்கள் 'சீசன் அலர்ஜி'யில் தும்மலைவிடத் தடிப்புதான் அதிகம், சீசன் முடிந்தும் போகவில்லை என்றால் டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

இனி உங்கள் சோர்வுக்கு வருவோம். தைராய்டு ஏறி இறங்கும் வேகத்தை முதலில் மனதில் வையுங்கள். தைராக்சினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 7 நாள். டோஸ் மாற்றினால் டி.எஸ்.எச். புதிய இடத்தில் நிலைகொள்ள 6 முதல் 8 வாரம் ஆகும் என்பதால்தான் அதற்கு முன் டெஸ்ட் எடுக்க வேண்டாம் என்கிறார்கள். ஆகவே திங்கட்கிழமை மகரந்தம் ஏறி, புதன்கிழமை நீங்கள் துவண்டு கிடந்தால் அந்த இரண்டு நாளில் உங்கள் தைராய்டு அளவு கவிழ்ந்திருக்க வழியில்லை. அது அலர்ஜியின் சோர்வு. இரவில் மூக்கு அடைத்து வாயால் மூச்சுவிட்டுக் கொண்டு தூங்கினால் எட்டு மணி நேரம் படுத்தும் ஆறு மணிக்கான பலன்கூடக் கிடைக்காது. அதன் மேல் குளோர்பெனிரமின் போன்ற பழைய தலைமுறை மாத்திரையைப் போட்டால் மறுநாள் பாதிப் பொழுது மந்தமாகவே போகும். இந்த மந்தமும் தைராய்டு குறைவால் வரும் மந்தமும் உள்ளிருந்து அனுபவிப்பவருக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால்தான் குழப்பம்.

இன்னொன்று, நீங்கள் எவ்வளவு டோஸ் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நிலைமையே மாறும். முழு ஈட்டு டோஸ் என்பது உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ உள்ளவர் 100 மைக்ரோகிராம் அளவில் எடுத்தால், அவருடைய சுரப்பி கிட்டத்தட்ட ஓய்வு பெற்றுவிட்டது, ஹார்மோன் முழுவதும் மாத்திரையிலிருந்து வருகிறது. அலர்ஜியால் ஆன்டிபாடி இரண்டு மடங்கே ஆனாலும் அவர் ரத்தத்தில் தைராக்சின் அளவு அசையாது, ஏனென்றால் ஆன்டிபாடி மாத்திரையைத் தாக்குவதில்லை. 25 மைக்ரோகிராம் மட்டும் எடுக்கிறவர் நிலை வேறு. அவருடைய சுரப்பி இன்னும் பாதிக்கு மேல் வேலை செய்கிறது, அழற்சி கூடினால் செல்கள் உடைந்து ஹார்மோன் திடீரென்று கசியலாம், சில வாரம் படபடப்பு, பிறகு சரிவு என்று ஆட்டம் காட்டலாம். அப்படிப்பட்டவர்கள் சீசனில் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. டி.எஸ்.எச். குளிர்காலத்தில் இயல்பாகவே கொஞ்சம் கூடியும் கோடையில் குறைந்தும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஆகவே 2.1 போய் 2.8 ஆனதைப் பார்த்து மகரந்தத்தின் மேல் பழி போடவேண்டாம்.

டெஸ்ட் எடுக்கும்போது டி.பி.ஓ. ஆன்டிபாடி எண்ணை மாதாமாதம் துரத்துகிறவர்களையும் பார்க்கிறேன். ஒருமுறை பாசிட்டிவ் என்று தெரிந்துவிட்டால் போதும். அது 400-ஆக இருந்து 650 ஆனது என்பதை வைத்து எந்த டாக்டரும் சிகிச்சையை மாற்றப் போவதில்லை, உங்கள் நிம்மதி மட்டும்தான் கெடும்.

தைராய்டு குறைவே மூக்கை அடைக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஹார்மோன் போதாதபோது மூக்கின் உள்சவ்வு வீங்கும், குரலும் கரகரக்கும். அரிப்பும் அடுக்குத் தும்மலும் இல்லாமல், ஆன்டிஹிஸ்டமினுக்கும் மசியாமல், வெறுமனே அடைத்துக்கொண்டே இருக்கும் மூக்கு என்றால் தைராய்டு அளவை ஒருமுறை பார்த்துவிடலாம். குளிர் தாங்காமை, மலச்சிக்கல், வறண்ட தோல், மாதவிலக்கு அதிகமாதல் போன்றவை கூடவே இருந்தால் சந்தேகம் வலுக்கும். தொண்டை அடைத்த மாதிரி இருப்பதற்கு, சீசனில் மட்டும் வருகிறது என்றால், மூக்கிலிருந்து பின்பக்கமாக வழியும் சளிதான் பெரும்பாலும் காரணம். விழுங்கும்போது கட்டி போல் தட்டுப்படுவது, கழுத்து வெளியே தெரியும்படி வீங்குவது, படுத்தால் மூச்சு முட்டுவது, இவையெல்லாம் சீசன் பார்த்து வராது. அப்படி இருந்தால் ஸ்கேன் வேண்டும்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு அதிகம் நடக்குமிடம் அது. கிரேவ்ஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குக் கண் பாதிக்கிறது, ஹாஷிமோட்டோவிலும் அரிதாக வரும். தொடக்கத்தில் கண் சிவப்பு, நீர் வடிதல், மணல் விழுந்த உறுத்தல், காலையில் இமை வீக்கம். அப்படியே அலர்ஜிக் கண் போலவே இருக்கும், சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். வித்தியாசம் அரிப்பில்தான். அலர்ஜிக் கண் அரித்துப் பிடுங்கும், தேய்க்காமல் இருக்கவே முடியாது, பெரும்பாலும் இரண்டு கண்ணிலும், கூடவே மூக்கிலும் இருக்கும். தைராய்டுக் கண்ணில் அரிப்பைவிட அழுத்தமும் வலியும், குறிப்பாகக் கண்ணை மேலேயோ பக்கவாட்டிலோ திருப்பும்போது. கண்ணாடி முன் நேராகப் பாருங்கள்: மேல் இமை உயர்ந்து, கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிகிறதா? பழைய போட்டோவோடு ஒப்பிட்டால் விழி முன்தள்ளியிருக்கிறதா? ஒன்று இரண்டாகத் தெரிவது, நிறங்கள் மங்குவது என்றால் தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் போக வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு இது மோசமாகும் என்பது சந்தேகமே இல்லாத விஷயம்.

மருந்துகள். நீங்கள் கேட்டதற்கு நேரடிப் பதில்: செட்டிரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற ஆன்டிஹிஸ்டமின்களும் தைராக்சினும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. தைராக்சினை வழக்கம்போல் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போடுங்கள். அலர்ஜி மாத்திரையை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மறக்காமலும் இருக்கும், தூக்கம் வந்தாலும் பாதகமில்லை. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளைத்தான் நாலு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும்.

ஆனால் மூக்கடைப்புக்கான கூட்டு மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் அல்லது ஃபினைலெஃப்ரின் சேர்த்திருப்பார்கள். இரண்டும் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை, சூடோஎஃபெட்ரின் இதயத் துடிப்பையும் ஏற்றும். தைராய்டு கூடுதலாக இருப்பவர்களும், தைராக்சின் டோஸ் சற்றே அதிகமாகிவிட்டவர்களும் இதைப் போட்டுக்கொண்டு "அலர்ஜி வந்ததும் தைராய்டு எகிறிவிட்டது, நெஞ்சு படபடக்கிறது" என்று வருவார்கள். அட்டையைத் திருப்பிப் படித்தாலே பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே பயப்பட வேண்டிய ஒன்றில்லை, ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு, தினசரி மூக்கடைப்புக்கு மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்யும். சீசனுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே ஆரம்பித்தால் இன்னும் நல்லது. வாய்வழி பிரெட்னிசலோன் அப்படி இல்லை. அது டி.எஸ்.எச்.சைத் தாழ்த்தும், தைராக்சின் (டி4) உடலில் வேலை செய்யும் வடிவமான டி3-ஆக மாறுவதையும் குறைக்கும், அந்த நேரம் எடுக்கும் தைராய்டு ரிப்போர்ட்டை நம்பி டோஸை மாற்றினால் குழப்பம் இரட்டிப்பாகும். சீசனுக்கு ஒரு ஊசி போட்டால் போதும் என்று சிலர் நீண்டகால ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்கிறார்கள், அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

மூக்கைக் கழுவுகிறவர்கள் வெறும் உப்புக் கரைசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில். பொவிடோன் அயோடின் கலந்து மூக்கைக் கழுவுவதும் நாள்தோறும் கொப்பளிப்பதும் சிலரிடம் பழக்கமாகிவிட்டது. அந்த அயோடின் சவ்வு வழியே உள்ளே போகும், ஹாஷிமோட்டோ சுரப்பியை அதிக அயோடின் இன்னும் முடக்கிவிடலாம், கிரேவ்ஸில் நேர்மாறாகக் கிளப்பிவிடலாம். கடற்பாசி மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை. முடிக்கும் நகத்துக்கும் என்று போடும் பயோட்டின் இன்னொரு ரகம்: சுரப்பிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பல ஆய்வகங்களின் டெஸ்ட் முறையைக் குழப்பி, டி.எஸ்.எச். குறைந்தும் டி4 கூடியும், அச்சு அசல் கிரேவ்ஸ் போலவே ரிப்போர்ட் வரவைக்கும். டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கிரேவ்ஸுக்காகக் கார்பிமசோலோ மெதிமசோலோ எடுப்பவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் "சீசன், அலர்ஜி, சளி" என்று விட்டுவிடக் கூடாது. இந்த மருந்துகள் ஆயிரத்தில் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், வெள்ளை அணுக்களை அடியோடு சரித்துவிடும். மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அலர்ஜிக்குக் காய்ச்சல் வராது என்பதை நினைவில் வையுங்கள், அதுவே எச்சரிக்கை மணி. இதே மருந்துகள் இருபதில் ஒருவர் அளவுக்கு அரிப்புத் தடிப்பையும் உண்டாக்கும், அதையும் மகரந்தத்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

அதே போல, படபடப்புக்காகக் கொடுக்கும் புரோப்ரனலால். அலர்ஜி மூக்கு உள்ளவர்களில் பலருக்கு ஆஸ்துமாவும் இருக்கும், சிலருக்குச் சீசனில் மட்டும் வீசிங் வரும், அதை ஆஸ்துமா என்று அவர்கள் நினைத்தே பார்த்திருக்கமாட்டார்கள். புரோப்ரனலால் மூச்சுக்குழாயைச் சுருக்கி ஆபத்தாக்கலாம். கடுமையான அலர்ஜித் தாக்குதலில் போடும் அட்ரினலின் ஊசியின் வேலையையும் அது மட்டுப்படுத்தும். தைராய்டு டாக்டர் கேட்காவிட்டாலும் "எனக்குச் சீசனில் மூச்சு இழுக்கும்" என்று நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

அலர்ஜி ஊசி, அதாவது மகரந்தத்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை, ஆட்டோஇம்யூன் உள்ளவர்கள் எடுக்கலாமா? நோய் கட்டுப்படாமல் இருக்கும்போது டாக்டர்கள் தயங்குவார்கள், கிரேவ்ஸ் கொதித்துக்கொண்டிருக்கும்போது யாரும் தொடங்கமாட்டார்கள். டி.எஸ்.எச். நிலையாக உள்ள ஹாஷிமோட்டோ பொதுவாகத் தடையாவதில்லை. இந்தச் சிகிச்சை ஆட்டோஇம்யூன் நோயைக் கிளப்பும் என்ற பயத்துக்கு டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2012-ல் செய்த ஆய்வு ஓரளவு பதில் சொன்னது: ஊசி எடுத்தவர்களிடம் ஆட்டோஇம்யூன் நோய் கூடவில்லை, சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆனால் ஊசி எடுத்தால் ஹாஷிமோட்டோ குணமாகும் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். அழிந்த தைராய்டுத் திசு அலர்ஜி அடங்குவதால் திரும்பி முளைக்காது, மாத்திரை தொடரத்தான் வேண்டும்.

அப்புறம், சீசனே இல்லாமல் தைராக்சின் பிராண்ட் மாற்றியதிலிருந்து அரிப்பு என்றால் மாத்திரையில் சேர்க்கும் நிறமியையோ மற்றப் பொருட்களையோ சந்தேகிக்கலாம். பல பிராண்டுகளில் 50 மைக்ரோகிராம் மாத்திரை மட்டும் நிறம் சேர்க்காத வெள்ளை. அதையே பிரித்தும் சேர்த்தும் உங்கள் டோஸுக்குக் கொண்டுவர முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இது. சீசன் தொடங்கும் முன் ஒரு டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4. சீசன் முடிந்து ஆறிலிருந்து எட்டு வாரத்தில் இன்னொன்று, அதே லேப், காலையில் அதே நேரம், மாத்திரை போடும் முன். இடையில் ஸ்ப்ரேயை ஒழுங்காக அடித்து, தூக்கம் வராத வகை ஆன்டிஹிஸ்டமினுக்கு மாறிப் பாருங்கள். இரண்டு வருடம் இப்படிப் பார்த்து எண்கள் அசையவில்லை, ஆனால் மூக்கு திறந்ததும் சோர்வு குறைந்தது என்றால் உங்கள் தைராய்டு இதில் குற்றவாளி இல்லை. எண்கள் நிஜமாகவே நகர்ந்தால் அந்தக் காகிதங்களோடு எண்டோகிரைனாலஜிஸ்டிடம் போங்கள், சீசனுக்கென்று டோஸ் திட்டம் போட அவருக்குக் கையில் ஆதாரம் இருக்கும். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது கிரேவ்ஸ் வந்து மருந்து நிறுத்தி அடங்கியிருக்கிறது என்றால், கடும் அலர்ஜிச் சீசனுக்குப் பிறகு வந்த ஓரிரு மாதங்களில் கை நடுக்கம், காரணமில்லாத எடைக் குறைவு, ஓய்வில் இருக்கும்போதே வேகமான துடிப்பு என்று ஏதாவது தெரிந்தால் அடுத்த வருடாந்திர டெஸ்ட் வரை காத்திருக்காமல் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, ஏற்பி ஆன்டிபாடி மூன்றையும் பார்த்துவிடுங்கள்.